பெங்களூருவிலிருந்து பிரிட்டன் பென்ஷன்: மலிவு, ஒழுங்கு, ஒரே ஒரு பெரிய ஓட்டை

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். பிரிட்டன் அரசின் ஸ்டேட் பென்ஷனைக் காசு கொடுத்து வாங்கும் பொருளாகப் பார்த்தால், விலை மலிவு. பணம் தேதி தவறாமல் வந்துவிடும். கேள்வி கேட்டால்தான் பதில் வர மாதக்கணக்காகும். குறை ஒன்றே ஒன்று, ஆனால் சின்னக் குறை அல்ல: இந்தியாவில் குடியிருக்கும்வரை அந்தத் தொகை ஒரு பென்னி கூட ஏறாது. இது தெரிந்து வாங்கினால் நல்ல பொருள், தெரியாமல் வாங்கினால் எழுபத்தைந்து வயதில் கையைக் கடிக்கும்.

கிராய்டனிலும் ஈஸ்ட்ஹாமிலும் பத்துப் பதினைந்து வருடம் உழைத்து, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர்) அட்டையுமாக அல்சூர், காக்ஸ் டவுன், ஒயிட்ஃபீல்டு பக்கம் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியது இது. தொகைகள் எல்லாம் 2025-26 வரி ஆண்டுக்கானவை. பிரிட்டனில் வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடியும். நம் ஏப்ரல் 1 கணக்கோடு இந்த ஐந்து நாள் இடிப்பது பின்னால் வரிக் கணக்கில் தலைவலி தரும்.

பொருள் இதுதான். 2016 ஏப்ரல் 6 முதல் ஓய்வு வயதை எட்டுபவர்களுக்கு 'நியூ ஸ்டேட் பென்ஷன்'. குறைந்தது 10 வருட நேஷனல் இன்ஷூரன்ஸ் (பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புச் சந்தா) பதிவு வேண்டும், முழுத்தொகைக்கு 35 வருடம். 2025-26இல் முழுத்தொகை வாரத்துக்கு 230.25 பவுண்டு. 18 வருடம் இருந்தால் அதில் 35க்கு 18 பங்கு, அதாவது வாரம் சுமார் 118 பவுண்டு. 9 வருடமும் 11 மாதமும் இருந்தால் பூஜ்யம். வயது 66. இது 2026 ஏப்ரலுக்கும் 2028 ஏப்ரலுக்கும் இடையில் படிப்படியாக 67 ஆகிறது. 2016க்கு முன்பு வேலை பார்த்தவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. நிறுவனத்தின் பென்ஷன் திட்டம் 'கான்ட்ராக்டட் அவுட்' வகையாக இருந்தால், அந்த ஆண்டுகளில் குறைந்த விகிதத்தில் பணம் போயிருக்கும். அப்போது 35 வருடம் இருந்தும் முழுத்தொகை வராது. ஆகவே விரல் விட்டு எண்ண வேண்டாம். அரசின் இணையதளத்தில் உள்ள பென்ஷன் கணிப்பைத்தான் நம்ப வேண்டும்.

அந்தக் கணிப்பைப் பார்க்க உள்ளே நுழைவதிலேயே பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய லண்டன் சிம்முக்கு ஓடிபி போகும்படி வைத்துவிட்டு, இங்கே வந்து ரீசார்ஜ் செய்யாமல் விட, எண் போய்விடுகிறது. கிளம்புவதற்கு முன்பே எஸ்எம்எஸ்ஸை விட்டு ஆதென்டிகேட்டர் செயலிக்கு மாற்றிக்கொள்வது ஐந்து நிமிட வேலை. இங்கே வந்தபின் அதையே செய்ய வேண்டுமென்றால் அடையாளச் சரிபார்ப்பு முழுவதையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரலாம்.

ஏறாது என்றால் எப்படி ஏறாது

பிரிட்டனுக்குள் இருப்பவர்களுக்கு ஒவ்வோர் ஏப்ரலிலும் தொகை உயரும். ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், ஜமைக்கா போன்ற இடங்களில் இருப்பவர்களுக்கும் உயரும். இந்தியா, ஆஸ்திரேலியா, கனடா, நியூஸிலாந்து, தென் ஆப்பிரிக்கா என்றால் உயராது. இதில் கனடாவுக்கும் நியூஸிலாந்துக்கும் பிரிட்டனோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமே இருக்கிறது, இருந்தும் உயர்வு இல்லை. நியாயம் தேடினால் கிடைக்காது. தென் ஆப்பிரிக்காவில் குடியேறிய கார்சன் என்ற பெண்மணி தொடுத்த வழக்கு ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போய், 2010இல் 11-6 என்ற கணக்கில் தோற்றது. 2025 ஜூலையில் இந்தியா-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானபோது 'இனி பென்ஷன் ஏறும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றியவர்கள் படிக்காமல் சுற்றினார்கள். அதோடு பேசப்பட்டது, தற்காலிகமாக அனுப்பப்படும் ஊழியர்கள் இரண்டு நாட்டிலும் சந்தா கட்ட வேண்டாம் என்ற ஏற்பாடு. பென்ஷன் உயர்வு அதில் கிடையாது.

எண்ணில் பார்க்கலாம். 2016-17இல் முழுத்தொகை வாரம் 155.65 பவுண்டு. அந்த ஆண்டு ஜெயநகரில் இருந்துகொண்டு வாங்கத் தொடங்கியவருக்கு இன்றும் 155.65தான். அவரோடு வேலை பார்த்து லண்டனிலேயே தங்கிவிட்ட நண்பருக்கு 2025-26இல் 230.25. வருடத்துக்கு வித்தியாசம் சுமார் 3,880 பவுண்டு. பவுண்டுக்கு எதிராக ரூபாய் சரியச் சரிய, இங்கே வங்கியில் விழும் தொகை கொஞ்சம் கூடுவது போலத் தெரியும். அந்த மயக்கத்தில்தான் பலர் இதைக் கவனிக்காமலேயே இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு தவறான எண்ணத்தை உடைத்தாக வேண்டும். பிரிட்டனை விட்டுக் கிளம்பிய நாளில் தொகை உறைவதில்லை. பென்ஷன் கிடைக்கத் தொடங்கும் நாளில் என்ன விகிதமோ, அங்கேதான் உறைகிறது. 48 வயதில் பெங்களூருக்கு வந்தவருக்கு 67 வயதுவரை நடக்கும் உயர்வுகள் எல்லாம் சேரும். இளையவர்கள் 'உறைந்த பென்ஷன்தானே' என்று அலட்சியப்படுத்தக் காரணமே இல்லை. அதே போல, பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பவர் மகள் வீட்டுக்கு மூன்று மாதம் பிரிட்டன் போனால், அங்கே இருக்கும் நாட்களுக்கு அன்றைய விகிதம் கேட்டு வாங்கலாம். தானாக வராது, தேதிகளோடு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். திரும்பியதும் தொகை பழைய இடத்துக்கே இறங்கிவிடும்.

தள்ளிப்போடுவது பற்றிக் கேட்பவர்கள் உண்டு. ஒரு வருடம் வாங்காமல் விட்டால் சுமார் 5.8 சதவீதம் கூடுதலாகத் தருவார்கள். பிரிட்டனில் இருப்பவருக்கு அதன் அடித்தளமும் ஏறிக்கொண்டே போவதால் யோசிக்கலாம். இங்கே இருப்பவருக்குக் கூடுதல் தொகையும் உறைந்த விகிதத்தின் மேல்தான் கணக்கு. ஒரு வருடத்தில் விடுவது 11,973 பவுண்டு, அதற்குக் கிடைப்பது வருடத்துக்குச் சுமார் 694. போட்டதை எடுக்கவே பதினேழு வருடம். வேண்டாத வேலை.

வருடங்களை விலைக்கு வாங்குவது

பதிவில் ஓட்டை இருந்தால் காசு கட்டி அடைக்கலாம். தாமாகக் கட்டும் சந்தாவான 'கிளாஸ் 3' விகிதம் 2025-26இல் வாரம் 17.75 பவுண்டு, முழு வருடத்துக்கு 923. அது ஈட்டித் தருவது வாரம் 6.58, அதாவது ஆண்டுக்குச் சுமார் 342 பவுண்டு. மூன்று வருடத்துக்குள் போட்ட காசு திரும்பிவிடும், உறைந்தே கிடந்தாலும். இந்த விலைக்கு ஆயுள் முழுக்க வரும் வருமானத்தை எந்த இன்ஷூரன்ஸ் நிறுவனமும் தராது.

இதைவிட மலிவாக ஒரு வழி இருந்தது. பிரிட்டனை விட்டுக் கிளம்பும்வரை அங்கே வேலை பார்த்து, பிறகு வெளிநாட்டிலும் வேலை பார்த்தவர்கள் 'கிளாஸ் 2' சந்தா கட்ட முடிந்தது. வாரம் 3.50, வருடத்துக்கு வெறும் 182 பவுண்டு. பெங்களூரு ஐடிக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் பயன்படுத்திய அந்தக் கதவு 2026 ஏப்ரல் 6 முதல் மூடப்பட்டது. வெளிநாட்டிலிருந்து புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு, முன்பு போதுமாயிருந்த மூன்று வருடப் பிரிட்டன் வாசமோ சந்தாவோ இனிப் போதாது, பத்து வருடம் வேண்டும். ஐந்து வருடம் பர்மிங்ஹாமில் ஆன்சைட் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தத் திட்டம் இனிக் கிட்டத்தட்ட எட்டாக்கனிதான்.

விண்ணப்பப் படிவம் சிஎஃப்83. கடந்த 6 வருடங்களுக்குத்தான் பொதுவாகக் கட்டலாம். 2006வரை பின்னோக்கிப் போகவிட்ட சலுகை 2025 ஏப்ரல் 5உடன் முடிந்தது. எங்கே பிழை வருகிறது என்றால், அனுமதிக் கடிதமும் 18 இலக்கக் குறியீட்டு எண்ணும் வருவதற்கு முன்பே, பொறுமையிழந்து நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணை மட்டும் போட்டுப் பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். அது எந்த வருடத்துக்கும் சேராமல் எங்கோ கிடக்கும். பிறகு அதைத் தேடிப்பிடிப்பது தனி வனவாசம். இரண்டாவது பிழை, அந்தச் சலுகைக் காலத்தில் 2016க்கு முந்தைய வருடத்தைக் கட்டியது. சிலருக்கு அதனால் ஒரு பென்னி கூடக் கூடவில்லை. மூன்றாவது, கிளம்பிய வருடத்தைக் கவனிக்காமல் விடுவது. ஜனவரியில் கிளம்பியிருந்தால் அந்த வருடம் பெரும்பாலும் நிரம்பியிருக்கும், சில வார ஓட்டைதான். நூறு இருநூறு பவுண்டில் ஒரு முழு வருடம் கிடைக்கும். அரைகுறை வருடங்களை முதலில் அடைத்து, முழுவதும் காலியான வருடங்களுக்குப் பிறகு வருவதே முறை.

பணம் வந்து சேரும் விதம்

இரண்டு அலுவலகங்கள், இரண்டு உலகங்கள். சந்தாப் பதிவு பிரிட்டன் வரித் துறையான எச்எம்ஆர்சியிடம். பென்ஷன் தருவது இன்டர்நேஷனல் பென்ஷன் சென்டர். ஒருவர் வேலைக்கு இன்னொருவர் பதில் சொல்லமாட்டார். கஸ்தூர்பா ரோடு பக்கம் இருக்கும் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குப் போய் நின்று பயனில்லை, அவர்கள் பென்ஷன் பார்ப்பதில்லை.

ஓய்வு வயதுக்கு நான்கு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பணத்தை நான்கு வாரத்துக்கு ஒரு முறையோ பதின்மூன்று வாரத்துக்கு ஒரு முறையோ வாங்கலாம். பிரிட்டன் கணக்குக்கும் போகும், நேராக இந்திய வங்கிக் கணக்குக்கு ரூபாயாகவும் வரும். பெயர் ஒத்துப்போவது முக்கியம். வங்கிக் கணக்கில் 'எஸ். ராமன்' என்றும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு சேர்த்து முழுதாகவும் இருப்பது நம்மவர்களின் நிரந்தரப் பிரச்சினை. விண்ணப்பிக்கும் முன்பே வங்கியில் திருத்திக்கொள்ள வேண்டும்.

அப்புறம் லைஃப் சர்டிஃபிகேட். உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டு அவ்வப்போது தபாலில் ஒரு காகிதம் வரும். உறவினர் அல்லாத ஒரு சாட்சி, அதாவது வங்கி அதிகாரி, வழக்கறிஞர், ஆசிரியர் போன்ற ஒருவர், கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பென்ஷனை நிறுத்திவைப்பார்கள். நம் ஜீவன் பிரமாண் பயோமெட்ரிக் சான்று இதற்குச் செல்லாது. அது இந்தியப் பென்ஷன்காரர்களுக்கானது. இங்கே பலவீனமான கண்ணி, தபால். '14வது கிராஸ், 8வது மெயின், 2வது ஸ்டேஜ்' என்று வளரும் பெங்களூரு முகவரியில் கிராஸும் மெயினும் இடம் மாறினால் கடிதம் வேறு தெருவுக்குப் போய்விடும். வீட்டு எண்ணையும் பின்கோடையும் தனித்தனி வரியில் கொடுப்பது நல்லது. வீடு மாறினால் முதலில் தெரிவிக்க வேண்டிய இடம் கேஸ் ஏஜென்சி அல்ல, பென்ஷன் சென்டர்.

வரி: வரிசை தப்பினால் எல்லாம் தப்பும்

இந்தியா-பிரிட்டன் இரட்டை வரி ஒப்பந்தம் 1993இல் ஆனது. அதன் 20ஆவது பிரிவின்படி, காலமுறையில் வரும் பென்ஷனுக்கு வரி போடும் உரிமை குடியிருக்கும் நாட்டுக்கு மட்டுமே. அரசுப் பணிக்கான பென்ஷன் 19ஆவது பிரிவில் தனியாக இருக்கிறது. பிரிட்டிஷ் குடிமகனாக இருந்துகொண்டு பிரிட்டன் சிவில் சர்வீஸ், ராணுவப் பென்ஷன் வாங்குபவருக்கு வரி அங்கேதான்.

நாடு திரும்பியவருக்கு இந்தியச் சட்டம் தரும் பெரிய சலுகை ஆர்என்ஓஆர் (குடியிருப்பவர், ஆனால் இன்னும் வழக்கமான குடியிருப்பாளர் அல்ல) நிலை. முந்தைய 10 வருடத்தில் 9 வருடம் வெளிநாட்டுவாசியாக இருந்திருந்தாலோ, முந்தைய 7 வருடத்தில் இந்தியாவில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இல்லாமலிருந்தாலோ இது கிடைக்கும். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நிதியாண்டுகள். இந்தக் காலத்தில் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. ஆனால் பணம் முதலில் எங்கே வந்து விழுகிறது என்பது முக்கியம். நேராக இந்தியக் கணக்கில் விழுந்தால் அது 'இந்தியாவில் பெறப்பட்ட வருமானம்' ஆகி வரிக்குள் வந்துவிடும். பிரிட்டன் கணக்கில் வாங்கி, பிறகு இங்கே மாற்றினால் வராது. ஒரே பணம், ஒரே ஆள், வழி மட்டும் வேறு. அதனால்தான் பிரிட்டன் வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடக்கூடாது. இந்திய முகவரியைக் கொடுத்தால் சில வங்கிகள் கணக்கையே முடித்துக்கொள்ளச் சொல்லும். வெளிநாட்டு முகவரியை ஏற்கும் வங்கியாகப் பார்த்துக் கிளம்பும் முன்பே மாறிக்கொள்ள வேண்டும்.

நிறுவனப் பென்ஷன் பணத்தில் 25 சதவீதத்தைப் பிரிட்டன் வரியில்லாமல் எடுக்க விடுகிறது. அதை எடுப்பதற்கு ஏற்ற காலமும் இந்த ஆர்என்ஓஆர் ஆண்டுகள்தான். முழுக் குடியிருப்பாளர் ஆனபின், 'அங்கே வரி இல்லை' என்பது இங்கே செல்லுபடியாகும் வாதம் அல்ல. ஐஎஸ்ஏ என்ற பிரிட்டன் சேமிப்புக் கணக்கும் அப்படியே. பிரிட்டனில் அதன் வட்டிக்கு வரி கிடையாது, இங்கே உண்டு. வயது வரம்பையும் பார்க்க வேண்டும். தனியார் பென்ஷனில் கை வைக்க இப்போது 55, 2028 ஏப்ரல் 6 முதல் 57.

ஸ்டேட் பென்ஷன் வரிப் பிடித்தம் இல்லாமல் முழுதாக வரும். நிறுவனப் பென்ஷன் அப்படியல்ல. முதல் முறை எடுக்கும்போது அவசர வரிக்குறியீட்டைப் போட்டுக் கணிசமாகப் பிடித்துவிடுவார்கள். பிடிக்காமலிருக்க 'என்டி' குறியீடு வேண்டும். அதற்கு டிடி-இன்டிவிஜுவல் படிவமும், நீங்கள் இந்தியாவில் வரிக் குடியிருப்பாளர் என்ற சான்றும் தேவை. 2026 மார்ச் வரை அமலில் இருந்த 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தச் சான்றுக்கு 10எஃப்ஏ படிவத்தில் விண்ணப்பித்தால் 10எஃப்பி என்ற சான்று வந்தது. தமிழர்களுக்கே உரிய சிக்கல் இங்கே ஒன்று உண்டு: பான் அட்டை வாங்கியது சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும், அதிகாரியும் அங்கேயே இருப்பார். கோரமங்களா அலுவலகத்தில் நின்றால் 'உங்கள் கோப்பு எங்களிடம் இல்லை' என்றுதான் பதில் வரும். பான் எல்லையைப் பெங்களூருக்கு மாற்றிவிட்டுத்தான் சான்றுக்குப் போக வேண்டும்.

'வரி பிடித்தால் பிடிக்கட்டும், இங்கே வெளிநாட்டு வரிக்கான படிவம் போட்டுக் கழித்துக்கொள்வோம்' என்பது ஆடிட்டர்கள் சிலர் சொல்லும் குறுக்குவழி. ஒப்பந்தப்படி பிரிட்டனுக்கு உரிமையே இல்லாத வரியை இங்கே கழிக்க முடியாது என்று மறுத்துவிடலாம். அதற்குச் சரியான வழி, பிரிட்டனிடம் ரீஃபண்ட் கேட்பது.

முழுக் குடியிருப்பாளர் ஆனதும் ஐடிஆர்-2, அதில் ஷெட்யூல் எஃப்ஏ. வெளிநாட்டு வங்கிக் கணக்கு, ஐஎஸ்ஏ, பென்ஷன் நிதி எல்லாவற்றையும் காட்ட வேண்டும், அதுவும் ஜனவரி-டிசம்பர் கணக்கில். விட்டால் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம்வரை போகலாம். அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் முதல் அந்த அபராதத்திலிருந்து விலக்கு உண்டு, அதற்காகக் காட்டாமல் விட வேண்டியதில்லை. பென்ஷன் நிதிக்குள் வளரும் லாபத்துக்கு வருடா வருடம் வரி கட்டாமல், எடுக்கும்போது கட்ட இந்திய வருமான வரிச் சட்டம் வழி தருகிறது. பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றுக்கும் பொருந்தும். அதற்கான படிவத்தைக் கணக்குத் தாக்கல் கெடுவுக்குள் போட வேண்டும், போட்டபின் மனம் மாற முடியாது.

லண்டனில் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் என்ஆர்எல்1 படிவம் கொடுக்காவிட்டால் ஏஜென்ட் 20 சதவீதம் பிடித்துக்கொள்வார். வெளிநாட்டில் இருப்பவர் பிரிட்டன் வரிக் கணக்கோடு எஸ்ஏ109 இணைக்க வேண்டும். அதை எச்எம்ஆர்சியின் சொந்தத் தளத்தில் போட முடியாது. காகிதமென்றால் அக்டோபர் 31, விலைக்கு வாங்கிய மென்பொருளென்றால் ஜனவரி 31.

ஆலோசகர்கள்

பெங்களூருவில் இந்திய வரி தெரிந்தவர்கள் ஏராளம், பிரிட்டன் வரி தெரிந்தவர்கள் கொஞ்சம், இரண்டும் தெரிந்தவர்கள் அரிது. வெறும் ஐடிஆர் போடுபவரிடம் என்டி குறியீடு பற்றிக் கேட்டுப் பாருங்கள், முகத்திலேயே பதில் தெரிந்துவிடும். 'உங்கள் பென்ஷனை வெளிநாட்டுத் திட்டத்துக்கு மாற்றித் தருகிறோம்' என்று தானாகத் தேடி வருபவர்களிடம் மட்டும் கதவைத் திறக்க வேண்டாம். பென்ஷன் குறித்து அழையாமல் போன் செய்து விற்பது பிரிட்டனில் 2019 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது. விதிவிலக்குக்குள் வராத மாற்றத்துக்கு 25 சதவீத வரி உண்டு. இறுதிச் சம்பள அடிப்படையிலான திட்டத்தின் மதிப்பு 30,000 பவுண்டைத் தாண்டினால், பிரிட்டனின் நிதிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்சிஏவின் அனுமதி பெற்ற ஆலோசகரின் ஆலோசனை இல்லாமல் மாற்றவே முடியாது.

விசா

ஓசிஐ இருந்தால் பாதிக் கவலை போயிற்று. ஆயுள் முழுக்கச் செல்லும், வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்ஆர்ஆர்ஓவில் பதிவு வேண்டாம், விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்டச் சொத்து மட்டும் வாங்க முடியாது. 20 வயதுவரை பிரிட்டிஷ் பாஸ்போர்ட் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், 50 வயதைக் கடந்தபின் ஒரே ஒரு முறையும், ஓசிஐ தளத்தில் புதிய பாஸ்போர்ட்டையும் படத்தையும் மூன்று மாதத்துக்குள் ஏற்ற வேண்டும். 50 வயதுக்குப் பிறகு வாங்கும் முதல் பாஸ்போர்ட்டோடு இது முடிந்துவிடும். ஆனால் திருமணத்தால் ஓசிஐ பெற்றவர் ஒவ்வொரு முறையும் ஏற்ற வேண்டும், மணவாழ்க்கை தொடர்கிறது என்ற உறுதிமொழியோடு.

ஓசிஐ இல்லாத வெள்ளைக்காரத் துணைக்கு என்ட்ரி விசா. இந்தியாவில் ஓய்வூதியர் விசா என்று ஒன்று கிடையவே கிடையாது. 180 நாளுக்கு மேல் செல்லும் விசா என்றால் வந்த 14 நாளுக்குள் பதிவு. விண்ணப்பம் ஈ-எஃப்ஆர்ஆர்ஓ தளத்தில், கூப்பிட்டால் சாந்திநகர் பிஎம்டிசி கட்டடத்துக்குப் போக வேண்டும். வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது என்பதில்தான் பெரும்பாலும் விண்ணப்பம் திரும்பி வரும். துணையின் பெயரையும் அதில் சேர்த்துவிடுவது நல்லது. திருமணம் பதிவாகி இரண்டு வருடம் ஆனதும் ஓசிஐக்கு விண்ணப்பிக்கலாம். இலங்கையிலிருந்து போய்ப் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்ற தமிழர்களுக்குத் தமிழர் என்பதற்காக ஓசிஐ கிடைக்காது. பெற்றோர், தாத்தா பாட்டி, அதற்கு ஒரு தலைமுறை மேலே யாராவது இந்தியாவில் பிறந்தவர் என்று காட்ட ஆவணம் வேண்டும். தோட்டப் பகுதிகளுக்கு இங்கிருந்து போன குடும்பங்களில் பழைய பாஸ்போர்ட்டோ பிறப்புப் பதிவோ பெட்டியில் கிடக்கிறதா என்று தேடிப் பார்ப்பது வீண்போகாது.